திருவதிகையில் தொடங்கும் துறைமுகம்

கடலூர் முதுநகரைக் கையில் வரைபடத்தோடு தானே நடந்து பார்க்க ஒரு வழி வேண்டும். அந்த வழியைக் கடற்கரையிலிருந்து போட்டால் பாதி ஊர்தான் தெரியும்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகம் விழித்து வெகுநேரம் ஆகியிருக்கும். உப்பனாற்றின் முகத்துவாரம் வழியாக விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வருகின்றன. தளத்தில் சூரையும் மத்தியும் குவியல் குவியலாகக் கொட்டப்படுகின்றன. ஏலம் கூவுகிறவரின் குரலை ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் இரைச்சல் அமுக்கப் பார்க்கிறது. சும்மாட்டின்மேல் அன்னக்கூடையை ஏற்றிய பெண்கள் பேருந்தைப் பிடிக்க விரைகிறார்கள். ஐஸ் பெட்டிகளை அடுக்கிய வண்டிகள் பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் கிளம்புகின்றன. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள அக்கரைக்கோரி, சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் பக்கம் வெளுக்கத் தொடங்கும்போது பாதி மீன் விற்றுப்போயிருக்கும். வெயில் ஏறுவதற்குள் தளம் காலியாகிவிடும்.

அந்த நேரத்தில் அங்கே வந்து நிற்கும் வெளியூர்க்காரர் ஒருவருக்கு இது ஒரு மீன் சந்தை. அவ்வளவுதான். தான் நிற்கும் கரையோரத்தில் ரோமானிய வணிகக் காலத்துப் பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன என்பதோ, இந்த முகத்துவாரத்துக்காக ஐரோப்பியக் கம்பெனிகள் சண்டையிட்டன என்பதோ, தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமே சில ஆண்டுகள் இங்கிருந்துதான் இயங்கியது என்பதோ அவருக்குத் தெரிய வழியில்லை. வடக்கே சுமார் 22 கிலோமீட்டரில் புதுச்சேரி இருக்கிறது. அங்கே பயணிகள் வரைபடத்தை விரித்துக்கொண்டு தெருத் தெருவாக நடக்கிறார்கள். தெற்கே தரங்கம்பாடியில், 1620ல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டையைச் சுற்றி அரை நாளில் நடந்து முடிக்கலாம். கடல் தாண்டினால் இலங்கையின் காலிக் கோட்டை 1988லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. இவற்றுக்கு எந்த வகையிலும் வயதில் குறையாத கடலூருக்கு மட்டும் அப்படி ஒரு பெயர் வாய்க்கவில்லை.

இந்தக் குறையை இப்போது பலரும் பேசுகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் சொல்லும் தீர்வு, புதுச்சேரி மாதிரியே கடலூரிலும் ஒரு ‘பாரம்பரிய நடை’ வேண்டும் என்பது. நடை வேண்டும் என்பதில் இந்தக் கட்டுரைக்கு மறுப்பில்லை. மாதிரிதான் தவறு. புதுச்சேரி, கண்ணால் பார்க்கச் சுவர்கள் மிஞ்சிய ஊர். கடலூரில் சுவர்கள் மிஞ்சவில்லை, உறவுகள்தான் மிஞ்சியிருக்கின்றன: ஆற்றுக்கும் கடலுக்கும், நெசவுக்கும் கப்பலுக்கும், கோயிலுக்கும் சந்தைக்கும் இருந்த உறவுகள். அவற்றைக் காட்டும் நடை துறைமுகத்தில் முடியலாம். தொடங்க வேண்டியது கெடிலக் கரையில், திருவதிகையில்.

ஓர் ஆறு, ஒரு வாழ்க்கை

கெடிலம் பெரிய ஆறு அல்ல. கள்ளக்குறிச்சிப் பக்கம் பிறந்து, சுந்தரர் பிறந்த திருநாவலூரைத் தொட்டு, திருவதிகை, திருவந்திபுரம் வழியாகத் தேவனாம்பட்டினம் அருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். ஆனால் இந்தச் சிற்றாற்றின் கரைகளுக்குள் தமிழ் வரலாற்றின் எவ்வளவு பெரிய பகுதி அடங்கியிருக்கிறது என்பதைக் காட்டவே புலவர் சுந்தர சண்முகனார் ‘கெடிலக் கரை நாகரிகம்’ என்று தனி நூல் எழுதினார்.

அப்பரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். 7ஆம் நூற்றாண்டில் பண்ருட்டிக்கு அருகே திருவாமூரில் பிறந்தார். சமணத்தை நாடிப் போனபோது அவர் சேர்ந்த பாடலிபுத்திரத்து மடம், ஆற்றின் கீழ்ப்பகுதியில், இன்றைய திருப்பாதிரிப்புலியூரில் இருந்தது. சூலை நோய் வந்து அவர் திரும்பியது, தமக்கை திலகவதியார் தொண்டு செய்துகொண்டிருந்த திருவதிகை வீரட்டானத்துக்கு. அரசன் அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது கரை சேர்ந்ததாகப் பெரிய புராணம் சொல்வது, மறுபடியும் திருப்பாதிரிப்புலியூர்க் கரை. கரையேறவிட்டகுப்பம் என்ற பெயர் அந்த நம்பிக்கையை இன்றும் சுமக்கிறது. அவர் கரையேறிய விழாவும் நடக்கிறது. அந்தக் குப்பம் இன்று கடலை ஒட்டி இல்லை என்பதை மட்டும் நடப்பவர் கவனிக்க வேண்டும்.

அற்புதங்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். இந்தக் கதையின் நிலவியலை மட்டும் பார்த்தாலே போதும். உள்நாட்டுக் கோயில் நகரும் கடலோர மட நகரமும் ஒரே ஆற்றின் இரு முனைகளாக, ஆட்கள் இரவோடு இரவாகப் போய்வரும் நெருக்கத்தில் இருந்திருக்கின்றன. அந்த மட நகரமும் சாதாரணமானதல்ல. ‘லோக விபாகம்’ என்ற சமண நூல் அங்கேதான் கி.பி. 458ல் எழுதி முடிக்கப்பட்டது. காஞ்சியின் சிம்மவர்மனுடைய ஆட்சி ஆண்டு அதில் குறிக்கப்பட்டிருப்பதால்தான் பல்லவர் காலக்கணக்குக்கே ஓர் உறுதியான பிடிமானம் கிடைத்தது. பின்னர் அந்தப் பாடலிபுத்திரத்து மடத்தை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு அரசன் திருவதிகையில் குணபர ஈச்சுரம் எடுப்பித்தான் என்கிறது பெரிய புராணம். இடித்த கட்டடம்கூட ஆற்றோடு மேலே போயிருக்கிறது. திருவதிகையில் அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது.

வீரட்டானேசுவரர் கோயிலும் அப்படித்தான். முப்புரம் எரித்த கதைக்குரிய தலம் என்பதால் விமானத்தைத் தேர் வடிவம் என்பார்கள். கோபுர வாயிலில் நடனக் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் நரலோகவீரன் செய்த திருப்பணிகளைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. இவ்வளவு செல்வம் ஒரு சிற்றாற்றங்கரைக்கு நெல்லிலிருந்து மட்டும் வந்திருக்குமா என்ற கேள்வியோடு கோயிலைவிட்டு வெளியே வருகிறவர், பதிலைத் தேடிக் கீழே நடக்கத் தயாராகிவிட்டார்.

[பெட்டி] நடப்பவருக்கு

பண்ருட்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் திருவதிகை அருகிலேயே. காலையில் வீரட்டானேசுவரர், குணபர ஈசுவரர், சரநாராயணப் பெருமாள் கோயில்கள். பிறகு கடலூர் செல்லும் பாசஞ்சர் ரயில். மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், வரக்கால்பட்டு நிலையங்களைக் கடந்து திருப்பாதிரிப்புலியூர். நெல்லிக்குப்பத்தில் 1842ல் தொடங்கிய பாரி சர்க்கரை ஆலை. இறங்கியதும் பாடலீசுவரர் கோயில். அங்கிருந்து மஞ்சக்குப்பம், தேவனாம்பட்டினம். மாலையில் முதுநகர். திரும்புவதற்குக் கடலூர் துறைமுகச் சந்திப்பு. நெய்வேலிக்காரர்களுக்கு அங்கிருந்தே வடலூர் வழியாக விருத்தாசலம் பாதை. நல்ல காலம் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம்.

குண்டு விழுந்த தூரம்

1600களின் தொடக்கத்திலேயே டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் கடைவிரித்துவிட்டார்கள். ஆங்கிலேயர் வந்தது பிறகு. 1690ல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்கு வாங்கி, அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். அந்த விற்பனையில் ஒரு விசித்திர நிபந்தனை இருந்தது: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவரையுள்ள ஊர்களும் விற்பனையில் சேர்த்தி. அந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் விழுந்தது.

கம்பெனிக்குத் தேவைப்பட்டது கோட்டை மட்டுமாக இருந்திருந்தால் சுவரோடு நின்றிருக்கலாம். அவர்களுக்குத் துணி வேண்டும். துணி நெய்கிறவர்கள் கோட்டைக்குள் இல்லை, ஊர்களில் இருந்தார்கள். துறைமுகம் என்பது அதன் பின்னால் இருக்கும் நாட்டின் வாய்தான் என்பதைக் கம்பெனி வணிகர்கள் நம்மைவிடத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 1746ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் இழந்தபின் 1752 வரை அவர்களுடைய தென்னிந்தியத் தலைமையிடம் இந்தக் கோட்டைதான். அந்த இடைவெளியில், 1750ல், பிரெஞ்சுப் படை எங்கே வந்து உட்கார்ந்தது? திருவதிகைக் கோயிலில். மதிலோடு கூடிய கோயிலையே அரணாக்கிக்கொண்டு, ஆங்கிலேயரின் கூட்டாளியான முகமது அலியின் படையை அங்கே சிதறடித்தது. கடற்கரைக் கோட்டையை நெருக்க வேண்டுமானால் ஆற்றின் மேற்பகுதியைப் பிடிக்க வேண்டும் என்ற கணக்கு அதில் தெரிகிறது. புதுச்சேரியில் நடக்கும் எந்தச் சுற்றுலாவும் இந்தக் கணக்கைக் காட்டாது. கெடிலக் கரையில் நடப்பவருக்குத்தான் அது புரியும்.

பிறகு நடந்தவை வேகமானவை. 1756ல் கிளைவ் இந்தக் கோட்டையின் ஆளுநரானார். 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். 1783 ஜூனில் கடலூரை முற்றுகையிட்ட ஆங்கிலேயருக்கும் உள்ளே இருந்த பிரெஞ்சுப் படைக்கும் நிலத்திலும், ஹியூஸ், சஃப்ரன் ஆகியோரின் கப்பற்படைகளுக்கு இடையே கடலிலும் போர் நடந்தது. ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்து சேர்ந்ததும் அது நின்றது.

‘பார்க்க என்ன இருக்கிறது?’

முதல் மறுப்பு இதுதான். அது நியாயமானதும்கூட. செயின்ட் டேவிட் கோட்டையில் எஞ்சியவை சில இடிபாடுகள். முதுநகரின் பழைய வீடுகள் பல இடித்துக் கட்டப்பட்டுவிட்டன. மஞ்சள் சுவரும் காகிதப் பூவும் தேடி வருகிறவர் ஏமாந்துபோவார்.

ஆனால் கண்ணுக்குத் தெரிவது குறைவாக இருக்கும் ஊரில்தான் வரைபடத்துக்கு வேலை அதிகம். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய குழிகள் மூடப்பட்டு எத்தனையோ காலம் ஆகிறது. அதற்காக அந்த இடத்துக்கு மதிப்பில்லை என்று யாரும் சொல்வதில்லை. முதுநகருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் காரைக்காடு, குடிகாடு பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, அரிக்கமேட்டில் கிடைத்த அதே ரோமானிய வணிகக் காலத்து ரௌலெட்டட் வகைப் பானை ஓடுகளும் மணி செய்த தடயங்களும் கிடைத்தன. பண்ருட்டிப் பக்கம் மருங்கூரில் 2024ல் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்விலும் ரௌலெட்டட் ஓடுகள் வெளிவந்தன. ஒன்று கழியோரம், மற்றது உள்நாடு. இரண்டையும் ஒரே தாளில் குறித்துக் காட்டினாலே கடல் வணிகம் எந்த அளவுக்கு நாட்டுக்குள் ஊடுருவியிருந்தது என்பது பள்ளிப் பிள்ளைக்குக்கூட விளங்கும்.

இங்கேதான் இது மறந்துபோனதன் விளைவைப் பற்றிப் பேச வேண்டும். காரைக்காடும் குடிகாடும் இன்று சிப்காட் தொழிற்பேட்டையின் ஊர்கள். 1980களில் வந்த இரசாயன ஆலைகளின் கழிவும் நாற்றமும் பற்றி அந்த மக்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அந்த நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுத்தபோது, இது இரண்டாயிரம் ஆண்டுத் துறைமுகத்தின் கரை என்ற நினைவு பொதுமக்களிடம் பரவலாக இருந்திருந்தால், அந்த முடிவு குறைந்தபட்சம் கேள்விக்கு உள்ளாகியிருக்கும். இப்போது மத்திய அரசின் சாகர்மாலா துறைமுகத் திட்டத்தில் கடலூர்த் துறைமுகத்துக்குப் புதிய கப்பல் தளங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. கப்பல் வந்தால் கிடங்கு வரும், சாலை அகலும், பழைய தெருக்கள் இடிபடும். எதை இடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்ல ஊரிடம் ஒரு பட்டியல் இருக்க வேண்டாமா? நடைவழிக்காகத் தயாரிக்கும் வரைபடமே அந்தப் பட்டியலின் முதல் படி. ஒரு வீட்டின்மேல் எண் விழுந்து, நாலு பேர் நின்று பார்த்துவிட்டுப் போகத் தொடங்கினால், அதைச் சத்தமில்லாமல் இடிப்பது கடினமாகிவிடும்.

‘கிளைவுக்கு எதற்கு விழா?’

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. கடலூரில் கிளைவ் தெருவும் இம்பீரியல் சாலையும் கேப்பர் மலையும் இன்னும் பெயர் மாறாமல் இருக்கின்றன. அந்தப் பெயர்களுக்குப் பலகை வைப்பது அடிமைத்தனத்தைக் கொண்டாடுவதாகாதா?

வரைபடத்தில் கிளைவோடு நின்றுவிட்டால் ஆகும். ஆனால் அதே கேப்பர் மலையில்தான் மத்திய சிறை இருக்கிறது. 1918 நவம்பரில் புதுச்சேரியைவிட்டு வெளியேறிய பாரதி கைதாகிக் கடலூர்ச் சிறையில்தான் வைக்கப்பட்டார். டிசம்பர் 14 அன்று விடுதலையானார். முதுநகரில் 1890ல் பிறந்த அஞ்சலையம்மாள், 1927ல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலனின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் சிறை சென்றார். பிற்பாடு சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார். காந்தி அவரைத் தென்னாட்டின் ஜான்சி ராணி என்றார். முதுநகர்த் தெருக்களில் நடக்கும் பெண் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய முதல் இடம் கோட்டை இடிபாடா, அஞ்சலையம்மாள் வளர்ந்த தெருவா என்று கேட்டால் பதில் எளிது. கோட்டையையும் காட்டத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அவர் யாரை எதிர்த்துச் சிறை போனார் என்பது விளங்காது.

வழிகாட்டி இல்லாமல் தானே நடக்கும் முறையை வலியுறுத்துவதற்குக் காரணமும் இதுவே. வழிகாட்டி ஒருவர் கூட வந்தால் அவருக்குப் பிடித்த கதைதான் கதை. கையில் தாள் இருக்கும் ஆள் மடத்தின் முன்னும் நிற்கலாம், மசூதியின் முன்னும் நிற்கலாம், 1740ல் கடலூருக்கு வந்த சுவீடன் நாட்டுப் பாதிரி கீர்நாந்தரின் சபைத் தடத்தையும் தேடலாம். எதை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை அவரே முடிவு செய்வார்.

[பெட்டி] சில ஆண்டுகள்

458 – பாடலிபுத்திரத்தில் லோக விபாகம் நிறைவு
1690 – செயின்ட் டேவிட் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு
1758 – லாலி கோட்டையைத் தகர்த்தது
1842 – நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை
1956 – நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம்
2004 – ஆழிப்பேரலை
2011 – தானே புயல்
2021 – கடலூர் மாநகராட்சி

நெய்வேலிக்கு இதில் என்ன?

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் வாழ்பவர்களில் பலர், தங்கள் ஊருக்கு 1956க்கு முன் வரலாறு இல்லை என்று நினைக்கிறார்கள். வேறு வேறு மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் தண்ணீர் வேறு கதை சொல்கிறது. நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரை இறைக்காமல் சுரங்கத்தில் வெட்ட முடியாது. அப்படி இறைக்கும் நீர் பரவனாற்றில் விழுந்து, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாகக் கடைசியில் சேருவது முதுநகரின் உப்பனாற்றில். திருவதிகையின் கெடிலமும் நெய்வேலியின் பரவனாறும் கடலைத் தொடுவது ஒரே துறைமுகத்தின் அக்கம்பக்கத்தில். நெய்வேலியில் பெய்யும் மழை முதுநகருக்கு வெள்ளமாகப் போகிறது. 2015 நவம்பரில் மாவட்டம் முழுக்க அதைக் கண்டது.

நடைவழிக்கு ஒரு பயன் இங்கே இருக்கிறது, அது சுற்றுலாவைவிடப் பெரியது. 2004 டிசம்பர் 26ல் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் முதுநகர்க் குப்பங்களையும் அடித்தது. 2011 டிசம்பர் 30ல் தானே புயல் பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, முகத்துவாரம் எப்படித் தூர்ந்தது, எந்த மேட்டில் மக்கள் ஒதுங்கினார்கள் என்பதெல்லாம் பெரியவர்கள் நினைவில் இருக்கிறது. அவர்களோடு போய்விடும். நடைவழிப் பலகைகளில் கோட்டையின் ஆண்டோடு வெள்ளத்தின் மட்டத்தையும் குறித்துவைத்தால், ஊர் தன் ஆபத்தைத் தினமும் படித்துக்கொண்டிருக்கும்.

உள்நாடும் துறைமுகமும் அறுந்துபோனதன் விலையையும் இந்த வழியில் பார்க்கலாம். பண்ருட்டியின் முந்திரி ஆலைகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டை தூத்துக்குடி போன்ற தொலைவான துறைமுகங்களில் இறங்கி லாரியில் வருகிறது. இருபத்தைந்து கிலோமீட்டரில் ஒரு துறைமுகம் இருந்தும் அது உதவவில்லை. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து ஆழம் குறைவதால், பெரிய கப்பல்கள் நெடுங்காலமாகக் கடலில் தள்ளி நின்றே சரக்கைப் படகுகளில் இறக்கின. கடலூரின் வீழ்ச்சிக்குக் காரணம் லாலியின் பீரங்கி என்பதைவிட இந்த மணல் என்பதே பொருத்தம்.

புதுச்சேரி ஆகிவிடாமல்

மூன்றாவது மறுப்பு முதுநகர்வாசிகளுடையது. பயணிகள் வந்தால் வாடகை ஏறும், வீடுகள் விடுதிகளாகும், கடைசியில் வெளியேறுவது யார்? புதுச்சேரியின் பழைய தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் பொய்யல்ல என்று தெரியும். இதற்கு உறுதியான பதில் ஒன்றுதான்: எதையும் புதிதாகக் கட்டாமல் இருப்பது. ஒரு தாள் வரைபடம், தமிழில் தெளிவான பலகைகள், குடிநீர், கழிப்பறை, நிழலுக்கு மரம். கட்டணச் சீட்டு வேண்டாம், வாயில் வளைவு வேண்டாம், வண்ணச் சுவர் வேண்டாம். பலகையில் என்ன எழுதுவது என்பதில் அந்தந்தத் தெருக்காரர்களுக்கும் மீனவக் குப்பங்களுக்கும் முதல் சொல் இருக்க வேண்டும். காலையில் மீன் ஏலம் நடக்கும் தளத்தில் படம் எடுக்க வருகிற கூட்டம் தொழிலுக்கு இடைஞ்சலாகக் கூடாது; துறைமுகத்தை மாலையில் வைத்ததே அதற்காகத்தான்.

இருபத்தைந்து கிலோமீட்டரை யார் நடப்பார்கள் என்பவர்களுக்கு ரயில் பதில் சொல்கிறது. நடக்க வேண்டியது இரு முனைகளிலும்தான். நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்து கரும்பு வயலைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. மாவட்ட நிர்வாகம், கடலூர் மாநகராட்சி, பண்ருட்டி நகராட்சி மூன்றும் ஒரு மேசையில் அமர வேண்டும். தொல்லியல் துறை குறிப்புகளைச் சரிபார்த்துத் தர வேண்டும். நெய்வேலி நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியில் பலகைகளின் செலவை ஏற்கலாம்; பரவனாற்றில் நீர் விடும் நிறுவனத்துக்கு முதுநகர் அந்நிய ஊரல்ல. கடலூர், பண்ருட்டி, நெய்வேலிப் பள்ளி ஆசிரியர்கள் அரசுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வரும் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உங்கள் வகுப்பைத் திருவதிகையில் கூட்டி, மாலைக்குள் முதுநகருக்கு அழைத்துச் செல்லுங்கள். முதல் வரைபடத்தை அந்தப் பிள்ளைகளே வரையட்டும்.